விளையாத வெள்ளாமைக்கு மூட்டைக் கணக்கு

ஏலே பேராண்டி, போன ஞாயித்துக்கிழமை நீ போன்ல போட்ட சத்தம் இன்னும் என் காதைவிட்டுப் போகல. ஈஸ்ட் ஹாம்ல இருக்குற நீயும் குரோய்டன்ல இருக்குற உன் மச்சினனும் சாப்பிட உக்காந்த இடத்துல, ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு பிரிட்டன் பிரிஞ்சதுல நட்டம் எவ்வளவுன்னு வாயைக் குடுத்து, அவன் பாதிச் சோத்துல எந்திரிச்சுப் போயிட்டானாம். மீன்குழம்பு அப்படியே கிடந்துச்சுன்னு உன் பொண்டாட்டி உங்க ஆச்சிகிட்ட அழுதிருக்கா. நாட்டுக்கு எவ்வளவு நட்டமோ, உன் வீட்டுக்கு ஒரு சட்டி மீன்குழம்பு நட்டம். இந்த வழக்குல ரெண்டு கட்சியும் ஒத்துக்கிடக்கூடிய கணக்கு அது ஒண்ணுதான்.

பஞ்சாயத்துக்கு என்கிட்ட வந்தீக. சரிதான். லண்டனை நான் படத்துலதான் பாத்திருக்கேன். ஆனா பங்கை விட்டுட்டு வந்தவன் எதைப் பேசுவான், எதை மறைப்பான்னு என்னைவிடத் தெரிஞ்சவன் இந்த வட்டாரத்துல கிடையாது. ஏன்னு பொறவு சொல்லுதேன்.

2016 ஜூன் 23-ல நீங்க ரெண்டு பேரும் இந்தியப் பாஸ்போர்ட்டைப் பையில வச்சுக்கிட்டே ஓட்டுப் போட்டீக. காமன்வெல்த்துக்காரன்னு உங்களுக்கு அந்த உரிமை. இருபது வருசமா உன் அடுத்த வீட்டுல இருக்குற இத்தாலிக்காரருக்கு ஓட்டு இல்ல. யாரு பிரியுறதுக்கு யாரு சாட்சின்னு அப்பவே நான் சிரிச்சேன். பிரியணும்னு 51.9 சதவீதம், சேர்ந்தே இருக்கணும்னு 48.1. உன் மச்சினன் அதுல, நீ இதுல.

முதல்ல மச்சினன் கட்சிக்கு வாரேன். அந்த வருசம் ஒரு சிவப்பு பஸ்ஸு ஊர் ஊராப் போச்சு. வாரம் 35 கோடி பவுண்டு ஐரோப்பாவுக்கு அனுப்புதோம், அதை நம்ம ஆஸ்பத்திரிகளுக்குக் குடுப்போம்னு பக்கவாட்டுல எழுதியிருந்துச்சு. எழுத்து பெருசு, கணக்குதான் சின்னது. 1984-லேயே தாட்சரம்மா சண்டைபோட்டு ஒரு கழிவு வாங்கிவச்சிருந்தாக. அந்தக் கழிவுப் பணம் லண்டனைவிட்டுக் கிளம்புறதே இல்ல. அதைத் தள்ளினா வாரம் 25 கோடி. அதுலயும் விவசாயிக்கு மானியம், பின்தங்கின ஊருக்கு ரோடுன்னு திரும்பி வந்ததைத் தள்ளினா சுமாரா 16 கோடி. கத்தரிக்காய் மூட்டையை ஏலக்கடையில போட்டவன்கூடக் கழிவு போகத்தான் காசு எண்ணுவான். புள்ளிவிவர ஆணையத் தலைவர் டேவிட் நார்க்ரோவ் 2017-ல, அந்த 35 கோடியையே திரும்பப் பேசின போரிஸ் ஜான்சனுக்குக் கடுதாசியே எழுதினாரு, இது அரசாங்கப் புள்ளிவிவரத்தைத் தப்பாக் கையாளுற வேலைன்னு.

ஆனா பஸ்ஸுல எழுதினவன் வெவரமான ஆளுலே. 35 தப்பு, 16-தான் சரின்னு நீங்க தொண்டை கிழியத் திருத்தத் திருத்த, என்னமோ கோடிக்கணக்குல வாராவாரம் போகுதுன்னு ஊரு பூரா பதிஞ்சுபோச்சு. களவு போனது மூணு ஆடா அஞ்சு ஆடான்னு சண்டை போட்டா, களவு போனதை ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட மாதிரிதானே?

சிரிக்காத, இப்ப உன் முறை. நிதி மந்திரி ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2016 ஏப்ரல்ல ஒரு அறிக்கை விட்டாரு. பிரிஞ்சா 2030-ல குடும்பத்துக்கு வருசம் 4,300 பவுண்டு நட்டம்னு. நாலாயிரம்னு சொல்லியிருந்தா ஏதோ குத்துமதிப்புன்னு விட்டிருப்பான். 4,300-ன்னதும் மளிகைக்கடைக்காரன் சீட்டு எழுதிக் கையில குடுத்தாப்புல ஆயிட்டு. நாட்டு உற்பத்தியில குறையப்போறதை வீட்டு எண்ணிக்கையால வகுத்த கணக்கு அது. உன் சட்டைப்பையில இருந்து போறதில்ல. வளர வேண்டியது வளராமப் போறது. அப்படிச் சொன்னா எவன் பயப்படுவான்?

மே மாசம் இன்னொரு அறிக்கை. ஓட்டு அந்தப் பக்கம் விழுந்தா ஒரு வருசத்துக்குள்ள மந்தம் வந்துரும், 5 லட்சம் பேருக்கு வேலை போயிரும்னு. விழுந்துச்சு. வருசம் ஓடுச்சு. மந்தமும் வரல, வேலையும் அப்படிப் போகல. ராத்திரி பேய் வரும்னு பிள்ளையைப் பயம் காட்டினா, விடிஞ்ச பொறவு கிணத்துல பாம்பு கிடக்குன்னு நீ உள்ளதைச் சொன்னாலும் அது நம்பாது. பொறவு வந்த கணக்கையெல்லாம் ஜனம் காதுல வாங்காமப் போனதுக்கு ஆஸ்போர்னும் ஒரு காரணம்.

ஒண்ணு மட்டும் ஓட்டு எண்ணின அன்னைக்கே நடந்துச்சு. நூறு ரூவாயை ஒட்டி நின்ன பவுண்டு விடிஞ்சு பாத்தா தொண்ணூத்திச் சொச்சம். டாலருக்கு எதிரா 31 வருசத்துல இல்லாத சரிவு. அந்த மாசம் நீ அனுப்பின பணத்துல உங்க ஆச்சி மாத்திரைக்குன்னு முடிஞ்சுவைக்குற காசு துண்டு விழுந்துச்சு. பிரிட்டன் பிரிஞ்ச செலவுல முதல் தவணையைக் கட்டினது நம்ம வீட்டு அஞ்சறைப்பெட்டிதான்லே.

இப்ப என் கதை. தெக்குப் புஞ்சைக் கிணத்துல எனக்கு அஞ்சுல ஒரு பங்கு இருந்துச்சு. அஞ்சு நாளைக்கு ஒரு முறைத்தண்ணி. தூர் வாரணுமா, மோட்டாருக்குக் காயில் கட்டணுமா, எதுன்னாலும் என் பங்குக் காசை எண்ணி வைக்கணும். ஒரு பழைய காலண்டர் அட்டைக்குப் பின்னால குடுத்ததையெல்லாம் எழுதினேன். அட்டை நிறைஞ்சுபோச்சு. ஊர் மடத்துல கொண்டுபோயி, பாத்தியளா என் ரத்தத்தை உறிஞ்சுதானுகன்னு காட்டினேன். எல்லாரும் உச்சுக் கொட்டினாக. குடுத்தது அம்புட்டும் அதுல இருந்துச்சு. எடுத்த தண்ணியை எழுத நான் அட்டை வாங்கவே இல்ல.

கார்ன்வால்னு அங்கே கடலோரத்துல ஒரு சீமை இருக்காமே. ஐரோப்பாக் காசுல ரோடும் காலேஜும் பாத்த ஊரு. அங்கே 56.5 சதவீதம் பேரு பிரியணும்னு போட்டாக. மறுநாள் காலையில அந்த ஊர்க் கவுன்சில், இதுவரைக்கும் வந்த பணம் இனியும் குறையாம வரும்னு உறுதி குடுங்கன்னு கேட்டுச்சு. படிச்சதும் எனக்கு என் காலண்டர் அட்டை ஞாபகம் வந்துட்டு.

பிரியுதேன்னு நான் சொன்ன அன்னைக்கே பெரியண்ணன் நோட்டை எடுத்தாரு. போன கோடையில நீயும் தலையாட்டின தூர்வேலைக்குப் பாக்கி, கிணத்தைப் பாத்துக்கிட்ட கிழவருக்கு மாசாமாசம் குடுக்க ஒத்துக்கிட்டது, எல்லாத்தையும் வச்சுட்டுப் போன்னாரு. ஐரோப்பாவுக்கு மிஷேல் பார்னியேன்னு ஒரு பெரியண்ணன். 6,000 கோடி யூரோன்னு பேச்சு அடிபட்டுச்சு. சட்டப்படி ஒரு காசும் குடுக்க வேண்டியதில்லைன்னு பிரபுக்கள் சபைக் குழு ஒண்ணு சொல்லிச்சு. 2017 ஜூலையில ஜான்சன், பணமா, விசிலடிச்சுக்கிட்டுப் போகச் சொல்லுங்கன்ன தோரணையில பார்லிமெண்டுல பேசினாரு. மறுநாள் பார்னியே, எனக்கு விசில் சத்தம் கேக்கல, கடிகாரம் ஓடுற சத்தந்தான் கேக்குதுன்னாரு. டிசம்பர்ல விசில் நின்னுபோச்சு. 3,500-ல இருந்து 3,900 கோடி பவுண்டு வரைக்கும் ஆகும்னு ஒத்துக்கிட்டாக. முன்னாலேயே கைதூக்கிச் சம்மதிச்ச செலவு, ஊழியர்களோட பென்ஷன்னு அது 2064 வரைக்கும் கொஞ்சங்கொஞ்சமாப் போகும். உன் மவன் நரைமுடி பாக்குற காலம் வரைக்கும்னு வச்சுக்க. ஐரோப்பிய முதலீட்டு வங்கியில போட்ட 350 கோடி யூரோ முதல் மட்டும் திரும்பி வருது, அதுவும் 12 தவணையில. சீட்டை இடையில விட்டவன் கசர் கேக்க முடியுமா?

இந்தப் பில்லை வச்சுத்தான் பேப்பர்க்காரன் எல்லாம் அடிச்சுக்கிட்டான். என்னைக் கேட்டா இருக்கறதுலயே சின்னச் செலவு இதுதான். துண்டுச்சீட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டு முடிக்கலாம். சீட்டுல எழுத முடியாத செலவு இருக்கே, அதுதான் குடியைக் கெடுக்கும்.

எனக்கு அது கரண்டுல வந்துச்சு. பழைய கிணத்துச் சர்வீஸ் பெரியண்ணன் பேருல. தனியாப் போட்ட போருக்குப் புதுசா எழுதிப்போட்டு, அந்தச் சான்று இந்தச் சான்றுன்னு வருசக்கணக்கா அலைஞ்சேன். பிரிட்டன்காரவுகளுக்கு அது துறைமுகத்துல வந்துச்சு. முந்தி ஸ்காட்லாந்துல பிடிச்ச சிங்கி எறால் ராத்திரி லாரி ஏறி ஐரோப்பாச் சந்தைக்குப் போயிரும். 2021 பிறந்ததும் சுங்கப் பத்திரம், சுகாதாரச் சான்றிதழ்னு ஆயிட்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். சரக்கு கெட்டுப்போன கடுப்புல ஜனவரி 18-ல லாரிகளை லண்டன்ல பிரதமர் ஆபீஸ் பக்கத்துலேயே கொண்டாந்து நிறுத்திட்டாக. மீன்பிடித் தொழிலு நாட்டு வருமானத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான். ஆனா அந்த மீனைச் சொல்லித்தான் மேடையில மார் தட்டினாக.

இன்னொரு கூத்து. ஒப்பந்தமில்லாமப் பிரிய வேண்டி வந்தா சரக்கு ஏத்தணும்னு 1 கோடியே 38 லட்சம் பவுண்டுக்கு ஒரு கப்பல் கம்பெனியைப் பேசினாக. அவன்கிட்ட ஒரு கப்பல்கூட இல்ல! ஏரும் மாடும் இல்லாதவன்கிட்ட உழவுக்கு அச்சாரம் பேசின கதை. அந்தப் பேரத்தைக் கைவிட்டாக. ஏன் எங்களைக் கேக்கலன்னு சுரங்க ரயில்காரன் வழக்குப் போட்டு 3 கோடியே 30 லட்சம் பவுண்டு வாங்கிட்டான். கப்பலும் போகல, சரக்கும் போகல. காசு மட்டும் போயிட்டு.

சரி, மொத்த நட்டம் எவ்வளவு? மச்சினன் பேட்ரிக் மின்ஃபோர்டுன்னு ஒரு பேராசிரியரைக் காட்டுதான். பிரிஞ்சா நாட்டு உற்பத்தி 4 சதவீதம் கூடும்னு அவரு சொன்னாரு. நீ பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தைக் காட்டுதே. நாட்டோட உற்பத்தித் திறன் நாளடைவுல 4 சதவீதம் குறையும், ஏற்றுமதி இறக்குமதி 15 சதவீதம் குறையும்னு அது சொல்லுது. வெளியாளுக செஞ்ச 13 ஆய்வோட சராசரி அது. ரெண்டு பேருக்கும் 4-தான்லே. ஒருத்தருக்கு முன்னால கூட்டல், ஒருத்தருக்கு முன்னால கழித்தல். நம்ம ஊரு கணக்கு வாத்தியார் இதுக்குப் பாதி மார்க்காவது போடுவாரு.

ஜான் ஸ்பிரிங்ஃபோர்டுன்னு ஒருத்தர் இன்னும் கெட்டிக்காரர். அமெரிக்கா, ஜெர்மனி, நியூசிலாந்துன்னு சில நாடுகளைக் கலந்து, பிரியாத பிரிட்டன் ஒண்ணைக் காகிதத்துல பெத்தாரு. இரட்டைப்பிள்ளை மாதிரி. 2022 நடுவுல பாத்தா நிசப் பிரிட்டன் அந்தக் காகிதப் பிள்ளையைவிட 5.5 சதவீதம் சூம்பிப் போயிருக்குன்னாரு. மத்தவுக விடல. அமெரிக்கா கொழுத்ததுக்கும் பிரிட்டன் பிரிஞ்சதுக்கும் என்ன சம்பந்தம், நடுவுல கொரோனா வந்துச்சே, உக்ரைன் சண்டை வந்துச்சேன்னு பிடிச்சுக்கிட்டாக.

எனக்கு இது புரியும். எனக்கும் இரட்டைப்பிள்ளை உண்டு. பெரியண்ணன் தோட்டம். அதே கரிசல், அதே மழை. இன்னைக்கு அங்கே மல்லியும் மிளகாயும் நிக்குது. என் புஞ்சையில கருவேலம் நிக்குது. பாத்தியா, கிணத்தை விட்டதால வந்த வினைன்னு ஊரு சொல்லுது. ஆனா அவரு மவன் துபாய்ல இருந்து மாசாமாசம் பணம் அனுப்புதான். அதுல எத்தனை செடி கிணத்துத் தண்ணியில வளந்துச்சு, எத்தனை செடி துபாய்க் காசுல வளந்துச்சுன்னு யாரு பிரிச்சுச் சொல்ல? நட்டம் இருக்கு, இல்லைன்னு சொன்னா நான் குருடன். ஆனா விளையாத வெள்ளாமைக்கு மூட்டை எண்ண முடியாது. அதனாலதான் உங்க சண்டை ஒரு நாளும் தீராது.

இப்ப உள்ளதைச் சொல்லுதேன். நான் கிணத்தை விட்டது காலண்டர் அட்டையைப் பாத்து இல்ல. ஒரு நாள் என் முறையில பெரியண்ணன் மவன் மடையை அவுக பக்கம் திருப்பிட்டான். கேட்டதுக்கு, நீங்க நாளைக்குப் பாய்ச்சுங்க சித்தப்பான்னு சொல்லிட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமப் போறான். என் முறையை அவன் யாரு சொல்லுறதுக்கு? அன்னைக்கு ராத்திரிதான் அந்த அட்டையைத் தேடி எடுத்தேன். முடிவு பொழுதுசாயவே பண்ணியாச்சு. கணக்கு ராத்திரிதான் வந்துச்சு.

உன் மச்சினன்கிட்ட இதைச் சொல்லு. எங்க சட்டத்தை எங்க ஊருல எழுதணும், காசு போனாப் போகட்டும்னு அவன் சொல்லட்டும். எழுந்திரிச்சு மரியாதை பண்ணுதேன். மானத்துக்கும் விலை உண்டு, கையில இருந்தாக் குடுக்கலாம். ஆனா மானத்துக்குக் குடுத்ததை லாபத்துல வரவு வைக்கக் கூடாது. நீயும் ரொம்பத் துள்ளாத. 4,300-ஐப் பாத்தா நீ ஓட்டுப் போட்ட? உன் கம்பெனியில பாதி ஆளு ஸ்பெயின்காரன், போலந்துக்காரன். அவுக போயிட்டா யாருகூட டீ குடிக்கன்னுதானே போட்ட?

2019 அக்டோபர் 31-ல பிரியுதோம்னு தேதி பொறிச்சு 50 பென்ஸ் காசு அடிச்சாக. தேதி தள்ளிப்போச்சு, காசை உருக்கிட்டாக. பொறவு 2020 ஜனவரி 31-ன்னு மறுபடி அடிச்சாக. உருக்கின செலவை எந்தக் கட்சி கணக்குல எழுதுவீக? பிரிஞ்ச ஐரோப்பிய ஆராய்ச்சித் திட்டத்துல 2024-ல மறுபடி சேர்ந்து, வருசம் சுமார் 240 கோடி யூரோ குடுக்காக. வாய்க்கால்ல வந்த தண்ணிக்கு இப்ப குடத்துக்கு இவ்வளவுன்னு காசு.

அடுத்த ஞாயிறு மச்சினனைக் கூப்பிடு. குழம்பு நல்லாப் புளிச்சு இருக்கட்டும். கணக்குப் பேச வேண்டாம்.

நான் சொன்ன கிணத்துக் கதையை மட்டும் உங்க ஆச்சிகிட்ட சொல்லிராதே. அறுநூறு அடி போட்ட போர்த்தண்ணி தேனா இனிக்குதுன்னு இருபது வருசமா அவகிட்ட சொல்லிக்கிட்டு வாரேன். அவளும் மூஞ்சியைச் சுளிக்காமக் குடிச்சுட்டு ஆமாங்குதா. சோறு பொங்க மட்டும் தினம் ரெண்டு குடம் பழைய கிணத்துத் தண்ணி நம்ம வீட்டுக்குள்ள எப்படி வருதுன்னு அவளும் சொன்னதில்ல, நானும் கேட்டதில்ல.