சாமி படத்தை எப்படி டெலீட் பண்ணுவது?

எங்கள் வீட்டில் இடநெருக்கடி. வீடு ஒன்றும் சின்னதில்லை. இரண்டு அறை, கூடம், சமையலறை, அதற்கு மேலே பரண். நெருக்கடி என் சட்டைப் பையில். 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று ஃபோன் ஓயாமல் முனகுகிறது. பெயருக்கு 128 ஜிபி. விற்ற பையன், "ஆயுசுக்கும் போதும் சார்" என்றுதான் சொன்னான். எந்தப் பிராணியின் ஆயுசு என்று சொல்லவில்லை.

எதையும் தூக்கிப் போடுகிற பரம்பரை இல்லை நாங்கள். கைப்பிடி போன குக்கர், மூடி தொலைந்த எவர்சில்வர் தூக்கு, எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து எல்லாம் 'என்றைக்காவது உதவும்' என்ற ஒரே தகுதியில் பரணில் குடியிருக்கின்றன. ஃபோன் கைக்கு வந்ததும் அதையும் பரணாக்கிவிட்டேன். இதில் ஏற ஏணி வேண்டாம் என்பதால் சாமான் இன்னும் வேகமாகச் சேர்ந்தது.

அதன் அருமை தெரிய வேண்டுமானால் பழைய கதை ஒன்று கேளுங்கள். 1956இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் என்ற கணினியைக் கொண்டுவந்தது. அதன் சேமிப்புப் பெட்டிக்குள் 50 வட்டுகள். எடை ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். என் மனைவி வார்த்த அடையை நான் எடுத்த படம் ஒன்றை அதில் ஏற்றினால், சட்னி படத்துக்கு இடம் இருக்காது. நானோ அடையையும் சட்னியையும் பல கோணங்களில் எடுத்து வைத்திருக்கிறேன். அடை ஆறிப்போனதற்கு அதுதான் காரணம் என்று வீட்டில் ஒரு கருத்து நிலவுகிறது.

இலவசம் என்றால் நமக்குக் கை நிற்காது. 2015இல் வந்த கூகுள் ஃபோட்டோஸ், தரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தால் எத்தனை படத்தையும் இலவசமாக வைத்துக்கொண்டது. 2021 ஜூன் 1 முதல் ஏற்றும் படங்களுக்கு 15 ஜிபி வரம்பு. அதிலும் ஜிமெயிலுக்கும் டிரைவுக்கும் பங்கு உண்டு. மேலே வேண்டுமானால் மாதாமாதம் காசு. மங்கலாக விழுந்த என் கட்டைவிரல் படத்துக்கெல்லாம் வாடகை கட்டுவதா என்று மானம் தடுத்தது. அழிக்கவும் மனம் வரவில்லை. கட்டைவிரலானாலும் என் கட்டைவிரல் அல்லவா?

இது என் ஒருவன் வியாதி என்று நினைத்திருந்தேன். தேசிய வியாதியாம். 2018 ஜனவரியில் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. இந்தியாவில் இத்தனை ஃபோன்கள் ஏன் இடம் நிரம்பித் திணறுகின்றன என்று கூகுளின் ஆராய்ச்சியாளர்கள் தேடிப் பார்த்தார்களாம். காரணம், பூவும் சூரியனும் போட்ட 'குட் மார்னிங்' படங்கள். இங்கே மூன்றில் ஒருவருக்குத் தினமும் ஃபோனில் இடம் தீர்ந்துபோகிறது, அமெரிக்காவில் பத்தில் ஒருவருக்குத்தான் என்று ஒரு கணக்கும் அதில் இருந்தது. விடிந்ததை ஊருக்குச் சொல்லாமல் அமெரிக்கர்கள் எப்படித்தான் பல் விளக்குகிறார்களோ!

எங்கள் குடும்பத்தில் அந்தப் பொறுப்பு சித்தப்பாவுடையது. திங்கள் சிவன், செவ்வாய் முருகன், புதன் பெருமாள், வியாழன் ராகவேந்திரர், வெள்ளி அம்மன், சனி ஆஞ்சநேயர். ஞாயிற்றுக்கிழமை சூரிய பகவானோடு எலுமிச்சம்பழத்தின் மருத்துவ குணங்கள் இலவச இணைப்பு. பதில் போடாவிட்டால் எட்டரை மணிக்கு அழைப்பு வரும்: "என்னப்பா, முருகனை அனுப்பிச்சேனே, நீல டிக் விழுந்துச்சு, ஒரு கும்புடு கூட காணோம்?"

நான் மட்டும் என்ன யோக்கியம்? வந்த முருகனைச் சூடு ஆறுவதற்குள் மைத்துனர்கள் குரூப்பில் தள்ளிவிடுவேன். வதந்தி பரவுகிறது என்று 2018இல் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலில், பல கை மாறி இரட்டை அம்புக்குறியோடு வருகிற செய்தியை ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் அனுப்பலாம் என்று இன்னும் இறுக்கியது. வதந்திக்குப் போட்ட வேலியில் முருகனும் மாட்டிக்கொண்டார். நான் சளைக்கவில்லை, ஒவ்வொருவராக அனுப்பினேன். பக்தியில் பொறுமை முக்கியம்.

லீவுக்கு வந்த மகள், "குடுப்பா, நான் பார்க்கிறேன்" என்று ஃபோனை வாங்கினாள்.

"இது என்ன, வெறும் தூணு?"

"மால்ல கார் நிறுத்தின இடம்மா."

"கார் வீட்டுக்கு வந்துடுச்சுல்ல?"

"வந்துடுச்சு."

தூண் போயிற்று. அடுத்தது, எலெக்ட்ரிக்கல் கடையில் காட்டுவதற்காக எடுத்த ஃபேன் கண்டென்சர். அந்த ஃபேனே இப்போது பரணில்தான் இருக்கிறது, அதுவும் போயிற்று. அதற்கடுத்து, கீரைக்காரம்மாவுக்கு 20 ரூபாய் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்.

"அந்தம்மா ஸ்பீக்கரே தெருவுக்குக் கேக்கற மாதிரி சொல்லுதேப்பா!"

"நாளைக்கு, பணம் வரலைன்னு சொன்னா?"

"கீரை ஜீரணமே ஆயிடுச்சுப்பா."

பிறகு வாட்ஸ்அப்பின் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' பக்கத்தைத் திறந்தாள். 5 எம்பியைத் தாண்டியவை ஒரு பக்கம், பலமுறை ஃபார்வர்ட் ஆனவை ஒரு பக்கம் என்று அது என் வண்டவாளத்தைப் பிரித்து அடுக்கி வைத்திருந்தது. இரண்டாவது பக்கம் முழுக்கச் சாமி. அவள் விரல் முருகன் மேல் இறங்கியதுதான் தாமதம், சமையலறையிலிருந்து குரல் வந்தது: "செவ்வாக்கிழமையும் அதுவுமா முருகனையா அழிக்கிற?"

சரி, நாளைக்கு என்றாள். நாளைக்குப் பெருமாள். அதற்கு மறுநாள் ராகவேந்திரர். சித்தப்பாவின் அட்டவணையில் சாமி இல்லாத கிழமையே கிடையாது.

சிக்கல் நிஜமானது. சட்டம் உடைந்த சாமி படத்தை நாம் குப்பையில் போடுவதில்லை. கோயில் அரசமரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு வருவோம். ஃபோனுக்கு அரசமரம் எங்கே? மகள் சமாதானம் சொல்லப் பார்த்தாள்: "கூகுள் ஃபோட்டோஸ்ல பேக்கப் ஆன படம் உடனே அழியாதும்மா. 60 நாள் குப்பைத்தொட்டியிலதான் இருக்கும்."

"அறுபது நாள் சாமியைக் குப்பைத்தொட்டியில வைப்பியா?"

பஞ்சாயத்து அத்தோடு முடிந்தது. கட்டைவிரலும் தூணும் போன இடத்தில் கொஞ்ச நாள் காற்றோட்டம். இனி வருவதைத் தடுக்க, வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக டவுன்லோட் ஆகும் வசதியை மகள் நிறுத்திவிட்டாள். இப்போது முருகன் மங்கலாக வாசலில் நிற்கிறார். தொட்டால்தான் உள்ளே வருவார். வராத சாமியை அழிக்க வேண்டியதில்லை. என் மனைவியின் சாஸ்திரத்திலும் இதற்குத் தடை இல்லையாம். அனுப்பியதைப் பார்த்தேன் என்பதற்கு நீல டிக் வழக்கம்போல் விழுகிறது. கூடவே கும்பிடும் போட்டுவிடுகிறேன். சித்தப்பாவுக்கும் திருப்தி.

ஆகவே வாசகர்களே, உங்கள் ஃபோனும் முனகினால் முதலில் அந்தத் தானியங்கி டவுன்லோடை நிறுத்துங்கள். காலையில் யாரையாவது வாழ்த்தியே தீர வேண்டுமானால் பூவும் சூரியனும் வேண்டாம்; 'காலை வணக்கம்' என்று கையால் தட்டி அனுப்புங்கள். யுடிஎஃப்-8 முறையில் அது மொத்தமே 34 பைட். ஒரு மெகாபைட் இடத்தில் ஒருவருக்கு எண்பது வருஷம் தினமும் காலை வணக்கம் சொல்லலாம்.