சியோலுக்கு எத்தனை பேர்?

கே: கொரியத் தொடர்களில் ராஜா காலத்துக் கதை என்றால் 'ஹான்யாங்', இன்றைய கதை என்றால் 'சியோல்'. ரெண்டும் ஒரே ஊரா?

ப: ஒரே ஊர்தான். ஹான் ஆற்றங்கரை ஊர் என்பதால் ஹான்யாங். சுற்றிலும் மதில் இருந்ததால் 'ஹான்சொங்' என்றும் எழுதுவார்கள். 'சொங்' என்றால் கோட்டை. ஏட்டில்தான் இதெல்லாம். ஜனங்கள் வாயில் அப்போதே சியோல்தான். அந்தச் சொல்லுக்குப் பொருள், தலைநகரம்!

கே: அங்கே முதல் செய்தித்தாள் எது?

ப: 1883-இல் வந்த 'ஹான்சொங் சுன்போ'. பத்து நாளுக்கு ஒருமுறை அரசாங்கமே போட்டது. முழுக்கப் பழஞ்சீன மொழி. கொரியப் பேப்பரில் கொரிய மொழிக்குத்தான் இடமில்லை! மறு வருஷம் அரண்மனைக் கலகத்தில் அச்சகம் எரிந்தது. 1886-இல் 'ஹான்சொங் ஜூபோ' என்று வாரப் பத்திரிகையாகத் திரும்பி வந்தபோது கொரிய எழுத்தும் கொஞ்சம் உள்ளே நுழைந்தது. கூடவே முதல் விளம்பரமும். புலித்தோல், மாட்டுத்தோல், மனிதத் தலைமுடி எல்லாம் வாங்கிக்கொள்கிறோம் என்றது ஒரு ஜெர்மன் கம்பெனி. விளம்பரத்துக்கு அன்று போட்ட சொல் 'கோபெக்'. இன்று அதே சொல், ஹீரோ மழையில் நனைந்துகொண்டே காதலைச் சொல்வதற்கு.

கே: முழுக்கக் கொரிய எழுத்தில் எப்போது வந்தது?

ப: 1896 ஏப்ரல் 7. சோ ஜே-பில் தொடங்கிய 'தொங்னிப் சின்முன்'. நாலு பக்கத்தில் மூன்று கொரியம், ஒன்று ஆங்கிலம். அதைவிடப் பெரிய காரியம், சொல்லுக்குச் சொல் இடம் விட்டது. அதுவரை எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் கிடக்கும். 'அபொஜிகா பாங்கே' என்று பிரித்தால் அப்பா அறைக்குள் போகிறார். 'அபொஜி காபாங்கே' என்று பிரித்தால் பைக்குள் போகிறார். கொரியப் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற உதாரணம் இது.

கே: பேப்பர் பெயரை வைத்தே ஊரின் ஜாதகத்தைச் சொல்லலாமாமே?

ப: தாராளமாக. 1897-இல் கோஜொங் மன்னர் பேரரசர் ஆனார். அடுத்த வருஷமே 'ஹ்வாங்சொங் சின்முன்' வந்துவிட்டது. ஹ்வாங்சொங் என்றால் பேரரசரின் நகரம். 1910-இல் ஜப்பான் கொரியாவை விழுங்கியதும் அந்தப் பெயர் உறுத்தியது. 'ஹான்சொங் சின்முன்' என்று மாற்றினார்கள். சில வாரத்தில் பேப்பரே நின்றுபோனது. ஊரும் கியொங்சொங் ஆனது. 1945-இல் ஜப்பான் போன கையோடு ஒரு பேப்பர் 'சியோல் சின்முன்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஜனங்கள் வாயில் கிடந்த சொல் ஒருவழியாக முதல் பக்கத்தின் உச்சிக்கு ஏறியது. அந்தப் பேப்பர் இன்றும் வந்துகொண்டிருக்கிறது.