டப்பா மாமா

பொதட்டூர்பேட்டையில் தெருவுக்கு ஒரு டப்பா மாமா உண்டு. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். வாசலில் வைஃபை நாலு கோடு, கூடத்தில் ரெண்டு, பின்கட்டில் தறி ஓடுகிற இடத்தில் சுத்தமாக இல்லை என்று யாராவது முணுமுணுத்தால் போதும், கிரிம்பிங் டூலோடு வந்து நிற்பார். எந்த வியாதிக்கும் அவரிடம் ஒரே மருந்துதான்: "இன்னொரு டப்பா போட்டுட்டா சரியாயிடும்."

அந்த இன்னொரு டப்பா அவர் வீட்டுப் பரணிலேயே கிடக்கும். யாரோ கனெக்‌ஷன் மாற்றியபோது கழற்றிப் போட்ட ரௌட்டர். அடாப்டர் வேறு ஏதோ சாமானுடையது. முள் உள்ளே நுழைந்தால் சரி என்பது அவர் கொள்கை. 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று ஸ்டிக்கரைப் படிப்பது பயந்தாங்கொள்ளிகள் வேலை.

வயர் இழுப்பதில் மட்டும் குறை சொன்னால் வாய் வெந்துவிடும். லேன் வயரில் 100 மீட்டர் வரை தைரியமாகப் போகலாம்; அத்தனை நீளமான வீடு எங்கள் தெருவில் கிடையாது. எட்டு இழைகளையும் பிரித்து, வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம் என்று வரிசை பிசகாமல் ஆர்ஜே-45 தலைக்குள் செருகுவார், கண்ணாடி போடாமலே. நூலோடு புழங்கிய கை.

டெஸ்ட் பண்ணும்போதுதான் கூத்து. வாசலில் நின்று "வருதாடா?" என்று கத்துவார். விசைத்தறிச் சத்தத்தில் பின்கட்டுப் பையனுக்கு ஒன்றும் கேட்காது. கரண்ட் போனால்தான் தறி நிற்கும், மாமா குரல் கேட்கும். அப்போது ரெண்டு டப்பாவும் சேர்ந்தே அணைந்திருக்கும்.

கரண்ட் வந்த பிறகு நிஜமான வில்லங்கம் தொடங்கும். வீட்டிலுள்ள போன்களுக்கெல்லாம் 192.168 என்று ஆரம்பிக்கும் முகவரி கொடுப்பது முதல் டப்பாவின் வேலை. இரண்டாவதை அப்படியே லேன் ஓட்டையில் கோத்துவிட்டால் அதுவும் முகவரி கொடுக்க ஆரம்பித்துவிடும். போதாக்குறைக்கு இரண்டுமே "நான்தான் 192.168.1.1" என்று சாதிக்கும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணிப் பக்கம் சித்தூர் மாவட்டத்தை விட்டு நம் பக்கம் வந்ததே, அன்று பழைய தாசில்தார் கிளம்பாமல் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்து பட்டா கொடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதே கதைதான். இன்று அத்தை போனில் சீரியல் ஓடும், பையனுக்கு ஓடாது. நாளைக்கு மாறி நடக்கும்.

ஒருமுறை எட்டு ஓட்டை ஸ்விட்ச் ஒன்று வாங்கி வந்தார். மிச்சமிருந்த வயர் தொங்கினால் அசிங்கம் என்று அதன் இரண்டு முனையையும் அதே ஸ்விட்ச்சில் செருகி வைத்தார். உள்ளே போன தகவல் வெளியேற வழியில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி, வீட்டு நெட் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. லைட்டுகள் எல்லாம் படபடவென்று மின்னின. "எப்படி வேலை செய்யுது பாரு!" என்றார் மாமா. இந்தச் சுற்றை அறுக்கும் உபாயத்தை 1985-லேயே ரேடியா பெர்ல்மன் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்டுபிடித்துவிட்டார். மலிவு விலை ஸ்விட்ச்சில் அது பெரும்பாலும் இருப்பதில்லை. மாமாவிடமும் இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்கு வந்த அவருடைய அக்கா மகள்தான் கடைசியில் போனை எடுத்து உட்கார்ந்தாள். "மாமா, ரெண்டாவது டப்பால முகவரி கொடுக்கிற டிஹெச்சிபிய ஆஃப் பண்ணி, நம்பரை 1.2ன்னு மாத்தணும். அவ்ளோதான்." காபி ஆறுவதற்குள் பின்கட்டில் நாலு கோடோடு நெட்டும் வந்தது.

மாமா கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதெல்லாம் இருக்கட்டும், வயர் யார் இழுத்தது?" என்றார்.

மறுவாரம் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் நெட் வரவில்லை. மாமா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதட்டினார்: "டிஹெச்சிபிய அணைக்காம எவன்டா இதை மாட்டினது?"

வீட்டுக்காரர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "நீங்கதான் மாமா, பொங்கலுக்கு."