லாஸ் சாண்டோஸ் அட்மின் அண்ணன்

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "கிளிப் இருக்கா ப்ரோ? கிளிப் இல்லாம நான் எப்படி நியாயம் சொல்றது?" என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டிருக்கும் இளைஞர் உங்கள் வீட்டில் இருந்தால் பயப்படாதீர்கள். அவர் கால் சென்டரில் சேர்ந்துவிடவில்லை. கால் சென்டரில் சம்பளம் உண்டே! அவர் ஒரு ஆர்.பி. சர்வரின் அட்மின்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: 2013இல் வந்த ஜி.டி.ஏ. 5 விளையாட்டை ஃபைவ்எம் என்ற மென்பொருள் வழியாகத் தனி சர்வரில் ஏற்றி, ஆளுக்கொரு வேஷம் கட்டி வாழ்வதுதான் ஆர்.பி., அதாவது ரோல்ப்ளே. ஒருவர் போலீஸ், ஒருவர் டாக்டர், ஒருவர் மெக்கானிக். வேஷத்தைக் கலைத்துப் பேசக் கூடாது. ஊர் லாஸ் சாண்டோஸ். லாஸ் ஏஞ்சலஸைப் பார்த்துச் செய்த நகரம். தமிழ் சர்வர் என்றால் அந்த அமெரிக்கக் கடற்கரையில் மதுரைத் தமிழில் மிரட்டுவார்கள், கொங்குத் தமிழில் மன்னிப்புக் கேட்பார்கள். 2023இல் ஃபைவ்எம் குழுவையே ராக்ஸ்டார் நிறுவனம் தன்னோடு சேர்த்துக்கொண்டது. நம் அண்ணனை மட்டும் யாரும் எதிலும் சேர்த்துக்கொள்ளவில்லை.

அண்ணன் சர்வர் ஆரம்பித்ததே கதை சொல்லத்தான். அப்பாவைத் தேடி ஊருக்கு வரும் ஒரு மெக்கானிக்; அந்த அப்பாதான் துறைமுகத்தை ஆளும் தாதா. கிளை கிளையாகப் பிரியும் கதை, பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார். மெக்கானிக் விமான நிலையத்தில் வந்து இறங்கியும் விட்டான். ஊருக்குள் மட்டும் இன்னும் வரவில்லை. அண்ணனுக்கு நேரமில்லை. டிக்கெட் வந்துகொண்டே இருக்கிறது.

டிக்கெட் என்றால் பஸ் டிக்கெட் அல்ல, டிஸ்கார்டில் போடும் புகார் மனு. அட்மின் என்பவர் கதாசிரியராகக் கனவு கண்டு, ஜமாபந்தியில் உட்கார்ந்துவிட்ட தாசில்தார்.

ஒரு மனு பாருங்கள். "அண்ணா, நான் பாட்டுக்கு சிக்னல்ல நின்னேன். காரணமே இல்லாம சுட்டுட்டான்." காரணமில்லாமல் சுடுவதற்கு ஆர்.டி.எம். என்று பெயர், பெரிய குற்றம். எதிர்த்தரப்பை அழைத்தால், "தல, அவன் பேங்க்கைக் கொள்ளையடிச்சிட்டு வந்து சிக்னல்ல நின்னான் தல" என்கிறது. அண்ணன் வீடியோவைப் போட்டுப் பார்க்கிறார். உண்மைதான். முகமூடி, பின்சீட்டில் பண மூட்டை, சிவப்பு விளக்கு. பின்னால் சைரன் கேட்கிறது, ஆள் அசையவில்லை. கூட்டாளி கத்துகிறான், "எடுடா வண்டிய!" இவர் சொல்கிறார், "இருடா, ரெட் விழுந்திருக்கு." அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் எழுதிய பக்கங்களில் இப்படி ஒரு கொள்ளைக்காரன் இல்லை. கட்டிப்பிடித்துப் பரிசு கொடுக்க வேண்டிய ஆள். ஆனால் எழுத வேண்டியது என்ன? "இரு தரப்பும் விசாரிக்கப்பட்டது. சுட்டதில் விதிமீறல் இல்லை. டிக்கெட் முடிக்கப்படுகிறது."

விதிப் புத்தகமும் அவர் எழுதியதுதான். அவர் எழுதியதில் வாசகர் உள்ள ஒரே படைப்பு அதுதான். அதையும் படித்தவர்கள் குறைவு. "ஆம்புலன்ஸைத் திருடி, நோயாளியை ஏற்றி, பாதி வழியில் கட்டணம் பேசக் கூடாது" என்று ஒரு விதி இருந்தால், அப்படிப் பேசிய ஒரு மகான் இருந்தார் என்று பொருள். யூடியூப் நேரலையில் எதிரி ஒளிந்திருக்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, "ஊர்ல பேசிக்கிட்டாங்க" என்று அங்கே போய் நிற்பது மெட்டாகேமிங், அதற்கும் தடை. செத்துப் பிழைத்தவர், சாவதற்குமுன் நடந்ததை மறந்துவிட வேண்டும் என்பது இன்னொரு விதி. கடன் வாங்கியவர்கள் மட்டும் இதை எழுத்து பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள்.

சரி, ஒரு நாளாவது விளையாடுவோம் என்று சாதாரண ஆளாக உள்ளே போனாலும் விடுவதில்லை. இருட்டுச் சந்தில் ஒரு ரவுடி துப்பாக்கியை நீட்டி, "கையத் தூக்குடா!" என்கிறான். அண்ணன் நடுங்குகிற குரலில் வசனத்தைத் தொடங்குகிறார். குரல் பிடிபட்டுவிடுகிறது. "ஐயோ, அண்ணனா? சாரிண்ணா. அண்ணா, அப்படியே நம்ம ஃப்ரெண்டை உள்ள விடுற அந்த வைட்லிஸ்ட் விஷயம்..." கொள்ளை அங்கேயே மனுவாகிவிட்டது. தப்பித்தவறி அவர் ஒரு சண்டையில் ஜெயித்தாலோ, "அட்மின் அப்யூஸ்" என்று அவர் மேலேயே டிக்கெட். அதையும் அவரே விசாரிக்க வேண்டும்.

அந்த விதத்தில் ரிச்சர்ட் கேரியட் கொடுத்துவைத்தவர். அல்டிமா ஆன்லைன் என்ற இணைய விளையாட்டை உருவாக்கிய அவர், 1997 ஆகஸ்டில், வெள்ளோட்டத்தின்போது, தன் பாத்திரமான லார்டு பிரிட்டிஷாக மக்களைப் பார்க்க வந்தார். சாகா வரம் பெற்ற ராஜா. ஆனால் சர்வர் விழுந்து எழுந்தபின் அந்த வரத்தை மறுபடி போட்டுக்கொள்ள மறந்துவிட்டார். கூட்டத்தில் ஒருவர் நெருப்பு மந்திரம் வீச, ராஜா காலி. அந்த உலகத்தின் தலைசிறந்த கதை நிர்வாகத்தின் மறதியில் பிறந்தது. கொன்றவர் பிறகு நீக்கப்பட்டார்; அது வேறு பழைய தவறுகளுக்காக என்றார்கள். எந்த அட்மினும் அப்படித்தான் சொல்வார்.

விளையாட வந்தவர் நிர்வாகியாகிவிடும் இந்த வியாதி பழையது. 1978இல் தொடங்கி எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷாவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் வளர்த்த மட் என்ற, பலர் சேர்ந்து ஆடும் கணினி விளையாட்டில், போதிய புள்ளி எடுத்தவர் மந்திரவாதி ஆவார். அதாவது நிர்வாக அதிகாரம் கிடைக்கும். நன்றாக விளையாடினால் தண்டனை என்பது அன்றே ஏற்பாடு. ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் லாம்டாமூ என்ற அதே வகை இணைய உலகத்தை நடத்திய பாவெல் கர்ட்டிஸ், பஞ்சாயத்து தாங்காமல் 1992 டிசம்பரில், இனி மந்திரவாதிகள் இயந்திரத்தை மட்டும் பார்த்துக்கொள்வார்கள், சண்டையை ஊரே தீர்த்துக்கொள்ளட்டும் என்று அறிவித்தார். மனு, வாக்கெடுப்பு என்றெல்லாம் வந்தது. 1996இல் மந்திரவாதிகள் திரும்பி வந்து, அப்படி ஒதுங்க முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள்.

முடியாதுதான். ஏனென்றால் நிர்வாகமும் கதையும் ஒரே மனுவில்தான் வந்து நிற்கின்றன. "அண்ணா, கார் கடல்ல விழுந்துடுச்சு, எடுத்துக் குடுங்க." இரண்டு சொடுக்கில் எடுத்துக் கொடுக்கலாம். கொடுத்தால் மனுதாரருக்கு மகிழ்ச்சி. டோயிங் வண்டிக்காரர், மெக்கானிக், புகார் எழுத வேண்டிய ஏட்டு மூவருக்கும் அன்றிரவு வேலையில்லை. தேர்ந்த அண்ணன் அதனால் இப்படிப் பதில் போடுவார்: "எந்தக் கார் சார்? ஸ்டேஷன்ல போய்ச் சொன்னீங்களா?" மனுதாரர் திட்டிக்கொண்டே ஸ்டேஷனுக்குப் போவார். ஏட்டு, காருக்குள் யார் இருந்தது என்று கேட்பார். பதில் சொல்லத் தடுமாறினால் போதும், ஒரு வாரத்துக்குக் கொலை வழக்கு ஓடும். இதுவும் கதை எழுதுவதுதான், பெயர் மட்டும் வராது. என்னைக் கேட்டால், துறைமுகத்துத் தாதா கதையைவிட இதில்தான் அவர் கெட்டிக்காரர்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, கார் கடலில் விழுந்தால் டிக்கெட் போடாதீர்கள். டோயிங் வண்டிக்காரருக்கு ஃபோன் செய்யுங்கள். அவரும் நாளைக்கு வேலைக்குப் போகிற ஆள்தான், ஒரு சவாரி வராதா என்று நடுராத்திரி தாண்டிக் காத்திருக்கிறார். சர்வரே நின்றுபோனால் மட்டும் அண்ணனைக் கூப்பிடுங்கள். அப்போதும் கிளிப்போடு வாருங்கள்.