டப்பா சித்தி

எந்த ஊர்க் கல்யாணமானாலும் மணமகள் அறையில் ஒரு சித்தி இருப்பார். அவர் பெண் வீட்டுக்குச் சொந்தமா, மாப்பிள்ளை வீட்டுக்கா என்று யாரும் கேட்பதில்லை. மடியில் பழைய பிஸ்கட் டப்பா. பியூட்டிஷியனுக்கு எத்தனை ஆயிரம் கொட்டிக் கொடுத்திருந்தாலும் கடைசி டச்சப் அந்த டப்பாவிலிருந்துதான்.

உள்ளே ஹேர்பின்னால் தோண்டி எடுக்க வேண்டிய லிப்ஸ்டிக் ஒன்று இருக்கும். "சித்தி, இது ஒரு மாதிரி நாறுதே?" என்று மணப்பெண் முகம் சுளித்தால், "நாத்தமாடி அது? துபாய் வாசனை!" என்பார். அதை வாங்கி வந்த கொழுந்தன் துபாயிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து, இப்போது பேரனை ஸ்கூலுக்குக் கூட்டிப் போகிறார். லிப்ஸ்டிக்கில் உள்ள எண்ணெய் சிக்கடித்த வாசனை அது என்று சொல்ல யாருக்குத் தைரியம் உண்டு?

முகம் ஒற்றும் பஞ்சு வாங்கியபோது ரோஸ். இப்போது எல்லா முகூர்த்தத்து முகங்களும் சேர்ந்த ஒரு குடும்ப நிறம். வாரம் ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைக்கலாமே என்றால், "ஊறின பஞ்சுதான் நல்லாப் பிடிக்கும்" என்பார்.

அடுக்களையில் இவரே வேறு ஆள். நேற்றைய சாம்பாரை மூன்று தரம் முகர்ந்துதான் அடுப்பேற்றுவார். பால் பாக்கெட்டில் தேதி பார்க்காமல் காசு எடுக்கமாட்டார். கிரீம் டப்பாவிலும் மூடி திறந்த ஜாடிப் படத்துக்குள் '12எம்' என்று போட்டிருக்கும். திறந்த பிறகு 12 மாதம்தான் என்று பொருள். சித்தி அதை 12 மில்லி என்று தீர்மானித்துவிட்டார்.

மஸ்காராவுக்கு அந்த ஆயுசுகூடக் கிடையாது. திறந்து மூன்று மாதம், மிஞ்சினால் ஆறு. இமையைத் தொட்ட பிரஷ் கிருமியையும் கூட்டிக்கொண்டு குழாய்க்குள் போகிறது. அங்கே ஈரமும் இருட்டும். கிருமிக்கு வேறென்ன வேண்டும்? சித்தியோ மஸ்காரா காய்ந்துவிட்டால் மோருக்கு விடுவதுபோல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவார். கிருமியை அடக்கப் போட்டிருந்த மருந்தும் நீர்த்துப் போகும்.

காஜல்தான் உச்சம். பென்சிலாக இருந்தாலாவது சீவிவிட்டுப் புது நுனியால் தீட்டலாம். இது திருகு காஜல். மணப்பெண், தோழி, நாத்தனார், பூ தூவ வந்த குட்டி எல்லாருக்கும் ஒரே நுனி. மறுவீட்டு விருந்துக்குள் பாதிப் பேருக்குக் கண் சிவந்து பீளை கட்டிவிடும். "பாவிங்க கண்ணு பட்டுடுச்சு" என்று சித்தி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். கண் பட்டது நிஜம்தான், காஜலில்! கண்நோய் வந்தபோது தீட்டிய மையையும் மஸ்காராவையும் குப்பையில் போடச் சொன்னால், "பாதிகூடத் தீரலையே" என்று மூடி டப்பாவில் வைத்துவிடுவார்.

உங்கள் வீட்டிலும் ஒரு சித்தி இருந்தால், அடுத்த தீபாவளிக்குப் புது மஸ்காராவும் காஜலும் வாங்கிக் கொடுங்கள். கையோடு பழையதை வாங்கி வந்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதியது பீரோவுக்குப் போய்விடும்.