ஒளிக்க ஒண்டுமில்லையாம்!

"எனக்கு ஒளிக்க ஒண்டுமில்லை, பெரியப்பா. அரசாங்கம் பாத்தாப் பாக்கட்டும்" எண்டு நெஞ்சை நிமித்திச் சொல்லுற தம்பிமாரில எனக்குச் சரியான விருப்பம். அவையிட்ட நான் ஒண்டுதான் கேக்கிறனான்: "அப்பிடியெண்டா உந்தப் போனை இஞ்ச தா ராசா, பெரியம்மா ஒருக்காப் பாக்கட்டும்." உடனே போன் காச்சட்டைப் பைக்குள்ள போயிடும். பெரியம்மாவுக்கு ஒளிக்கக் கிடக்கு, பொலிசுக்கு ஒளிக்க ஒண்டுமில்லை. பெரியம்மாவிட்டத் துவக்குமில்லை, மறியல் வீடுமில்லை. பாவம் மனுசி.

2022 ஆவணியில அம்பாந்தோட்டைக்கு யுவான் வாங் 5 எண்ட சீனக் கப்பல் வந்தது. வேவுக் கப்பல் எண்டு இந்தியா கத்திச்சுது, கொழும்பு கையைப் பிசைஞ்சுது, இஞ்ச திருகோணமலையில தேத்தண்ணிக் கடைக்குக் கடை அதே கதைதான். அந்தக் கதையைக் கதைச்ச ஆக்கள் எங்க நிக்கினம், ஆருக்குக் கோல் எடுக்கினம், எவ்வளவு நேரம் கதைக்கினம் எண்டு அவையின்ர பைக்குள்ள கிடந்த போன் அந்த நேரமே கோபுரத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. சீனனுக்கு ஏன் உந்த எண்ணெய்ச் செலவு எண்டு நினைச்சுச் சிரிச்சன்.

முந்தி எங்களைப் பாக்கிறதுக்கு அரசாங்கம் படாத பாடு பட்டது. போர்க்காலத்தில இந்தக் கரையில கடலுக்கு இறங்கிறதெண்டா நேவி பாஸ் வேணும். எத்தினை மணிக்குப் போறது, எத்தினை மணிக்குத் திரும்பிறது எல்லாம் அவங்கள் சொன்னபடி. மீனிட்ட மட்டுந்தான் பாஸ் கேக்கேல்லை. வீட்டில இரவு தங்க ஆள் வந்தாலும் பதியோணும். சுற்றிவளைப்பெண்டா ஊரை மைதானத்தில இருத்திப்போட்டு, சாக்கால மூடின தலையாட்டிக்கு முன்னால ஒவ்வொருத்தரா நடக்க விடுவாங்கள். தலை ஆடினா ஆள் ஏத்துப்பட வேண்டியதுதான். அந்த மனிசன் ஆளைத் தெரிஞ்சு ஆட்டினானோ, அடிக்குப் பயந்து ஆட்டினானோ, நுளம்பு கடிச்சு ஆட்டினானோ எண்டு ஆர் கேக்கிறது?

இப்ப உலகமெல்லாம் கமராவுக்கு முகம் பிடிக்கப் பழக்கிறாங்கள். அதுவும் தலையாட்டிதான் தம்பி. சாக்கில்லை, நித்திரையில்லை, சாப்பாட்டுச் செலவுமில்லை. முந்தினவன் பிழையா ஆட்டினா, "அவனுக்கு என்னில பழைய கோவம்" எண்டாவது சொல்லிப் பாக்கலாம். கமராவுக்கு உன்னில என்ன கோவமெண்டு சொல்லுவாய்?

சரி, உன்ர ஐசியை, அதான் அடையாள அட்டையை, எடு. 1968இல சட்டம் போட்டு, 1972இல குடுக்கத் தொடங்கின அட்டை. பழைய அட்டையில ஒன்பது இலக்கமும் கடைசியில ஒரு எழுத்தும். முதல் ரெண்டும் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் அந்த வருசத்தில எத்தினையாம் நாள் எண்ட கணக்கு. பொம்பிளையெண்டா அந்த நாளோட 500ஐக் கூட்டிவிடுவாங்கள். புது அட்டையில இலக்கம் 12, சங்கதி அதேதான். பொம்பிளையளிட்ட வயசு கேக்கப்படாது எண்டு எங்களுக்குப் படிப்பிச்சவை, அந்த வயசை நம்பருக்குள்ள பொதிஞ்சு, சிம் விக்கிற கடையில இருந்து லொட்ஜ் வரைக்கும் காட்டச் சொல்லுகினம். நீ என்னெண்டா அதே பிறந்த திகதியைப் போனுக்குப் பூட்டா வைச்சிருக்கிறாய். கெட்டிக்காரன்!

"விபரம் எடுத்தா என்ன, நல்லதுக்குத்தானே?" எண்டு கேப்பாய். நல்லதுக்குத்தான். வாக்காளர் பட்டியலும் நல்லதுக்குத்தான் எடுத்தது. 1983 ஆடியில கொழும்பில காடையர் அந்தப் பட்டியலைக் கையில வைச்சுக்கொண்டுதான் தமிழ் வீடுகளைத் தேடித் தேடி வந்தாங்கள். லொட்ஜில தங்கின தமிழரைப் பதிஞ்சதும் பாதுகாப்புக்கு எண்டுதான் சொன்னாங்கள். 2007 ஆனி 7ஆந் திகதி அதே லொட்ஜுகளுக்குள்ள பூந்து, முன்னூறுக்கு மேற்பட்ட சனத்தைப் பஸ்ஸில ஏத்தி வடக்குக் கிழக்குப் பக்கம் கலைச்சாங்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் அது நிண்டுது. அதால, எழுதிறவன் நல்லவனா எண்டு பாத்து மயங்காத. அவன் பென்சன் எடுத்துக்கொண்டு வீட்டை போயிடுவான், கொப்பி கந்தோரிலதான் கிடக்கும். நாளைக்கு அந்தக் கொப்பி ஆற்ற கைக்குப் போகும் எண்டு யோசி.

இப்ப கொப்பியளெல்லாம் கொம்பியூட்டருக்குள்ள போகுது. டிஜிற்றல் அடையாள அட்டைக்கு 2022இல இந்தியாவோட ஒப்பந்தம் எழுதினாங்கள். காசு அவையின்ர, விரல் ரேகையும் கண்மணியும் முகமும் எங்கட. ஐசி துலைஞ்சா விதானையாரிட்டக் கடிதம் வாங்கிப் புதுசு எடுக்கலாம். கண்மணி களவு போனா விதானையார் என்ன செய்வார்?

இந்தியாவில ஆதார் எண்ட அடையாள அட்டைக்கு எதிரா 2012இல வழக்குப் போட்டவர் கே. எஸ். புட்டசாமி எண்ட ஓய்வுபெற்ற நீதிபதி. அப்ப அவருக்கு வயசு 86. 2017 ஆவணி 24இல ஒன்பது நீதியரசர்மார் ஒருமிச்சு, அந்தரங்கம் அடிப்படை உரிமை எண்டு தீர்ப்புச் சொல்லிச்சினம். வயசு போனதுகள் சும்மா அலட்டுதுகள் எண்டு சொல்லுற தம்பிமார் இதை வடிவாக் குறிச்சு வைக்கோணும்.

எங்கட அரசியலமைப்பில அப்பிடியொரு உரிமை வெளிப்படையா எழுதிக் கிடக்கேல்லை. தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல நிறைவேறினது. அதின்ர முக்கியமான பகுதியள் 2025 பங்குனியில நடைமுறைக்கு வரவேண்டியது, தள்ளிப்போட்டிட்டாங்கள். இணையத்தில எழுதிறதைக் கட்டுப்படுத்திற நிகழ்நிலைக் காப்புச் சட்டம் மட்டும் 2024 தை 24இல பாராளுமன்றத்தில நிறைவேறி, மாசி முதலாந் திகதியே சபாநாயகரின்ர கையெழுத்தோட சட்டமாச்சுது. 1979இல தற்காலிகம் எண்டு கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் நாப்பது வருசம் தாண்டியும் பேரில தற்காலிகமாத்தான் இருந்தது. எங்களைக் காக்கிற சட்டத்துக்குத்தான் எப்பவும் பஸ் தவறிப் போகுது.

இதையும் கேள். 2024 வைகாசியில சம்பூரில முள்ளிவாய்க்கால் கஞ்சி குடுத்ததுக்காகப் பொலிசார் இராவில வீட்டுக்கு வந்து பெண்களைப் பிடிச்சுக்கொண்டு போனவை. அதில ஒரு பிள்ளை பல்கலைக்கழக மாணவி. செத்த சனத்தை நினைச்சு, ஊர் பாக்கப் பானை வைச்சுக் காய்ச்சின கஞ்சி. அதுகளுக்கும் ஒளிக்க ஒண்டுமிருக்கேல்லைத் தம்பி. எது குற்றம் எண்டு தீர்மானிக்கிறது நீயில்லை. பாத்துக்கொண்டிருக்கிறவன் தனக்கு வேண்டிய நாளில தீர்மானிப்பான்.

அதுக்காகப் போனைக் கடலுக்குள்ள எறிஞ்சுபோட்டுக் கன்னியாக் காட்டுக்குள்ள போய் இருக்கச் சொல்லேல்லை. நாலு சின்னப் புத்தி சொல்லுறன். ஐசிப் பிரதி குடுக்கேக்க அதுக்குக் குறுக்கால ரெண்டு கோடு கீறி, "சிம் எடுக்க மட்டும்" எண்டு திகதியோட எழுதிக் குடு. பூட்டு நம்பரை ஆறு இலக்கமா வை, அதில பிறந்த நாளும் வேண்டாம், கலியாண நாளும் வேண்டாம். கமராவுக்கு இடம் காட்டிற வசதியை நிப்பாட்டு. இல்லாட்டி நீ நிலாவெளியில குளிச்ச படம் எந்தக் கல்லில நிண்டு குளிச்சனீ எண்டும் சொல்லும். வட்ஸ்அப்பில அனுப்பிறது வழியில போறவனுக்கு விளங்காது, உண்மை. ஆனா அந்தக் குழுவில உன்ர மச்சானும் இருக்கிறான். அவன் எல்லாத்தையும் படம் பிடிச்சு முகநூலில போடுவான். அரசாங்கத்துக்குச் சம்பளமில்லாமல் வேலை செய்யிறதில எங்கட ஆக்களை அடிக்க ஆளில்லை. மற்றவையின்ர முகத்தைப் போட முந்தி அவையைக் கேள்.

சிவிலில ஆர் வந்து விபரம் கேட்டாலும் தேத்தண்ணி குடு, மரியாதை குடு. ஆனா முதல்ல பேர், பதவி, எந்தப் பொலிசு நிலையம் எண்டு கேட்டு எழுதி வை. அவங்கள் எழுதேக்க நீயும் எழுதினா, அரைவாசிக் கேள்வி தானாக் குறையும். பொய் சொல்லாத, கேட்டதுக்கு மேலயும் சொல்லாத. எங்கட சனத்துக்கு முதலாவது லேசு, ரெண்டாவதுதான் கஷ்டம். ஒரு பேர் கேட்டா மாமன்ர மகன் கனடாவில என்ன வேலை செய்யிறான் எண்டது வரைக்கும் சொல்லாட்டி எங்களுக்குச் செமிக்காது.

அவையள் எங்களைக் கேள்வி கேக்கத் தொடங்கி எத்தினையோ தலைமுறை. நாங்கள் அவையளைக் கேக்கிறதுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல வந்து, 2017 மாசியில நடைமுறைக்கும் வந்திட்டுது. தமிழிலேயே எழுதிக் கேக்கலாம். குடுக்கிறதோ இல்லையோ எண்ட முடிவை வேலை நாள் 14க்குள்ள சொல்லோணும். ஆகவே பிள்ளையள், இனி ஆராவது ஒரு படிவத்தை நீட்டினா மூண்டு கேள்வி கேளுங்கோ: எந்தச் சட்டத்தில இதைக் கேக்கிறியள், எதுக்குக் கேக்கிறியள், எத்தினை நாளைக்கு வைச்சிருப்பியள்? மறுமொழி வராட்டி, அதையே தகவல் அறியும் சட்டத்தில எழுதிப் போடுங்கோ. அதுக்குப் பிறகு வேணுமெண்டாப் பேனையை எடுங்கோ.