தாய்மாமன் மடிக்கு எந்தக் கட்டம்?

ஏண்டா பேராண்டி, நீ அனுப்புன சேதிய உன் தங்கச்சி படிச்சுக் காட்டுனா. துபாய்ல வாட்ஸப் கால் எடுக்காதாமே, அதான் குரலைப் பதிஞ்சு அனுப்புறேன். குறுக்க பேசாம கேக்குற பேரன் கிடைக்கிறதும் ஒரு கொடுப்பினைதான்.

சங்கதி இதானே? பாரிஸ்ல உங்க அக்கா புள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் நீ. மடி துபாய்ல கெடக்கு, காது பாரிஸ்ல கெடக்கு, நடுவுல ஷெங்கன் விசா. படிவத்துல எதுக்குப் போறேன்னு கட்டம் கட்டமாப் போட்டிருக்கான்: சுற்றுலா, வியாபாரம், சொந்தக்காரங்களைப் பாக்க, விளையாட்டு, வைத்தியம். தாய்மாமன் மடிக்குன்னு ஒரு கட்டம் இல்ல. அதுக்காக விளையாட்டுல டிக் அடிச்சிடாதே. ஊசியைக் கண்டதும் அந்தப் புள்ள உதைக்கப் போற உதைக்கு அதுவும் பொருந்தும்தான், இருந்தாலும் வேணாம்.

நீ பாட்டுக்கு எதுக்கு வர்றேன்னு வெளக்கி வெளக்கி எழுதுற. ஆபீசரு மனசுல இருக்குற கேள்வி அது இல்லடா. எப்பப் போவேங்கிறதுதான். எங்க போவேன்னு சொல்லுவ? துபாய்க்குன்னு. அங்க உனக்கு என்னா இருக்கு? ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா புதுப்பிக்கிற ரெசிடென்ஸ் விசாவும், ஆறு பேரு படுக்குற ரூமுல ஒரு மேல்கட்டிலும். நீயே அங்க தவணைக்கு இருக்குறவன். அந்தத் தவணையும் ஊர் சுத்தி முடிஞ்ச பின்னால மூணு மாசம் பாக்கி இருக்கணுமாம். கூனிமேட்டுக்குத் திரும்பிடுவேன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதே. என்னிக்கோ ஒரு நாள் நீ வந்து சேரப் போறது இங்கதான், ஆனா அந்த உண்மைக்கு அங்க மவுசு இல்ல.

உன் முதலாளிக்கு இந்தத் தொல்லையே இல்லையாமே. அமீரகத்துக்காரங்களுக்கு 2015 மே மாசத்துலேர்ந்து ஷெங்கனுக்கு விசா வேணாம். அவரு வெயில் தாங்கலன்னு பாரிசுக்குக் கெளம்பிடுவாரு. உனக்கு லீவு குடுத்தேன், ஆட்சேபணை இல்லன்னு அவரு எழுதுற கடுதாசிக்கு நீ அவரு திரும்பி வர்ற வரைக்கும் காத்திருப்ப.

பேங்க் கணக்கு கேப்பான். கடைசி வாரத்துல ரூம்காரங்கிட்ட கைமாத்து வாங்கி நெரப்பி வைக்காதே. நேத்து வரைக்கும் வெறுந்தண்ணியா கெடந்த பாத்தியில இன்னிக்கு விடியக் காலைல உப்பு குவிஞ்சு நின்னா மேஸ்திரி என்னா கேப்பான்? அதையேதான் அவனும் கேப்பான்.

காசுன்னு பாத்தா, 2024 ஜூன்லேர்ந்து ஆளுக்கு 90 யூரோ. மனு வாங்குற கம்பெனிக்குக் கூலி தனி. இல்லன்னு சொன்னாலும் திருப்பித் தர மாட்டான். அந்த ஒரு வருசத்துல நம்ம நாட்டுலேர்ந்து 11 லட்சத்துக்கு மேல மனு போயி, 1 லட்சத்து 65 ஆயிரம் மனுவத் தள்ளிட்டானாம். பெருக்கிப் பாரு, பொழுது போவும். அப்புறம் 30,000 யூரோவுக்கு வைத்திய இன்சூரன்ஸ். உன்னை அந்த வெலைக்கு நம்ம பக்கம் எந்தப் பொண்ணு வீட்டுக்காரனும் கேக்கலடா.

உங்க அக்கா பாடு இன்னும் மோசம். தம்பி வந்தா படுக்க எடம் இருக்குன்னு அவ ஊரு நகராட்சில சான்றிதழ் வாங்கணும், அதுக்கு 30 யூரோ ஸ்டாம்பு. நம்ம திண்ணைல படுத்தவனுக்கெல்லாம் சான்றிதழ் வாங்கியிருந்தா மரக்காணம் தாசில்தாருக்கு வேற வேலையே இருந்திருக்காது.

முடிவு சொல்ல 15 நாள், சமயத்துல 45 நாள். அது வரைக்கும் பாஸ்போர்ட் அவங்ககிட்ட. நடுவுல எனக்கு ஏதாவது ஆயிட்டா உன்னால வர முடியாது. அதனால நானும் ஒத்திப் போட்டிருக்கேன். சீக்கிரம் முடி.

இதுல ஒரு கூத்து பாரு. இங்கேர்ந்து தெக்கால பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துல புதுச்சேரில பிரெஞ்சுத் துணைத் தூதரகம். நீ பொறந்து வளந்தது அதுக்குப் பக்கத்துல. ஆனா குடியிருக்குற ஊர்லதான் மனு போடணுமாம், நீ துபாய்க்காரனாம். 2024 ஏப்ரல்ல நம்ம ஆளுங்களுக்கு ஒரு சலுகை விட்டான்: மூணு வருசத்துல ரெண்டு விசா வாங்கி ஒழுங்கா திரும்புனவனுக்கு அடுத்தது ரெண்டு வருச விசா. அதுவும் இந்தியாவுல குடியிருந்து இங்கேயே மனு போடுறவனுக்குத்தான். வெளிநாடு போயி முன்னுக்கு வந்தவன் நீ, வரிசைல பின்னால நில்லு.

உங்க அக்கா புருசன் வீட்டுக்குப் பிரெஞ்சு பாஸ்போர்ட் எப்படி வந்துச்சு தெரியுமில்ல? 1962 ஆகஸ்ட் 16 அன்னிக்குப் புதுச்சேரியைப் பிரான்சு நமக்கு விட்டுக் குடுத்த ஒப்பந்தம் அமலுக்கு வந்து, பிரெஞ்சுக் குடிமகனாவே இருக்கணும்னு நெனச்ச புதுச்சேரிக்காரங்களுக்கு எழுதிக் குடுக்க ஆறு மாசம் தவணை குடுத்தாங்க. அவரு தாத்தா அதுக்குள்ள ஒரு கையெழுத்துப் போட்டாரு. நானும் போட்டிருப்பேன், பேனாவுக்கா பஞ்சம்? எல்லை கனகசெட்டிகுளத்தோட நின்னுபோச்சு. நாம அதுக்கு வடக்கால.

அலுத்துக்காதே. கீழ்ப்புத்துப்பட்டு முகாம்ல சிலோன்லேர்ந்து வந்தவங்க முப்பது வருசத்துக்கு மேல கெடக்குறாங்க. இங்கேயே பொறந்து படிச்ச புள்ளைங்கள்ல பல பேருக்கு முத்திரை குத்த ஒரு பாஸ்போர்ட்டே இல்ல. அதைப் பத்திப் பகடி பண்ண எனக்கு வாய் வராது.

உனக்கு ஒரு வழி சொல்றேன், கேளு. காது குத்தை புத்துப்பட்டு அய்யனார் கோயில்ல வச்சுக்கலாம், கொலசாமிதானே. உங்க அக்காகிட்ட இன்னும் நம்ம பாஸ்போர்ட்தான் இருக்கு. மாப்பிள்ளைக்கும் புள்ளைக்கும் நம்ம சர்க்காரு இ-விசா குடுக்குது, வீட்டுல உக்காந்தே போன்ல வாங்கிடலாமாம். திண்ணைல எடம் இருக்கான்னு என்னை யாரும் கேக்கப் போறதில்ல.

பாக்கி இருக்குறது உன் லீவு ஒண்ணுதான். பாரிசுக்குன்னா கையெழுத்துப் போடுற முதலாளி, கூனிமேட்டுக்குன்னா போன வருசந்தானே போனேன்னு கேப்பாரு. மடி குடுக்கணும்னு அந்த மனுசனுக்கு எப்படி எழுதுறதுன்னு உன் தங்கச்சியக் கேட்டுக்க. போன்ல சார்ஜ் போவுது, வச்சுடுறேன்.